பெல்ட்: ஒரு தோல்வாரிலிருந்து கிளம்பிய அர்த்தங்கள்

கேள்வி இதுதான்: ஆங்கிலத்தில் ‘பெல்ட்’ என்றால் இடுப்பில் கட்டும் வார். ஆனால் அகராதியைத் திறந்தால் ஓங்கி அடிப்பது, தொண்டை கிழியப் பாடுவது, தலைதெறிக்க ஓடுவது, ஒரு மடக்கு மது, நிலப்பகுதி, ஜூடோ தரம், சிறுகோள்கள் சுற்றும் பாதை என்று பட்டியல் நீள்கிறது. இவையெல்லாம் ஒரே சொல்தானா, அல்லது ஒலி ஒன்றாகிப்போன வேறு வேறு சொற்களா?

ஒரே சொல்தான். எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்ட பொருள் இதில் ஒன்றுகூட இல்லை. ஒரு தோல்வாரைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தால் விஷயம் பிடிபடும். அதை வைத்துச் செய்யக்கூடியவை மூன்று. எதையாவது சுற்றிக் கட்டலாம். அதில் வாளையோ பையையோ தொங்கவிடலாம். கழற்றி ஒருவனை விளாசலாம். ‘பெல்ட்’ பெற்ற அத்தனை பொருள்களும் இந்த மூன்றில் ஏதோ ஒன்றிலிருந்து முளைத்தவை. எந்தக் கிளை என்று கண்டுகொண்டால் மொழிபெயர்ப்பில் பாதி வேலை முடிந்துவிடும்.

முதலில் வேர். லத்தீனில் ‘பால்டெயுஸ்’ என்றால் ரோமானியப் படைவீரன் வாள் மாட்டும் வார். அது லத்தீனுக்கே இரவல் சொல், எட்ரூஸ்கன் மொழியிலிருந்து வந்தது என்று ரோமானிய அறிஞர் வர்ரோ சொல்லியிருக்கிறார். ஜெர்மானிய மக்கள் ரோமானியரோடு பழகியபோது அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். பழைய ஆங்கிலத்திலேயே ‘பெல்ட்’ இருக்கிறது. ஆங்கிலத்துக்குச் சொந்தமான சொல் ‘கெர்டில்’. சுற்றிக் கட்டு என்னும் வினையிலிருந்து பிறந்தது. குதிரைச் சேணத்தைக் கட்டும் வயிற்றுவாருக்கான ‘கெர்த்’ அதன் உடன்பிறப்பு. பிற்பாடு இரவல் சொல் வீட்டை எழுதி வாங்கிக்கொண்டது, சொந்தச் சொல் திண்ணைக்குப் போனது. இன்று ‘கெர்டில்’ என்றால் பெண்கள் இடுப்பை இறுக்க அணியும் உள்ளாடைதான் முதலில் நினைவுக்கு வரும். மற்றபடி அது பைபிள் நடையில் வாழ்கிறது.

ரசமான ஒரு செய்தி லத்தீன் அகராதியில் இருக்கிறது. ‘பால்டெயுஸ்’ என்பதற்கு அங்கே தரப்படும் பொருள்களைப் பாருங்கள்: மனிலியுஸின் வானியல் கவிதையில் ராசிச் சக்கரம்; விட்ருவியுஸின் கட்டடக்கலை நூலில் தூண் தலைப்பைச் சுற்றும் பட்டை; வட்ட அரங்கில் இருக்கை வரிசைகளைப் பிரிக்கும் இடைவெளி; ஜுவெனலின் அங்கதத்தில் வாரடி. வானம், கட்டடம், அடி எல்லாமே அங்கே வந்துவிட்டன. ஆங்கிலம் இவற்றைப் பரம்பரைச் சொத்தாகப் பெறவில்லை. பல நூற்றாண்டு கழித்துத் தானாகவே அதே வழிகளில் நடந்து அதே இடங்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

இனி அடிக்கும் கிளை. தமிழருக்கு இதை விளக்கவே வேண்டாம். ‘அப்பா பெல்ட்டைக் கழட்டினார்’ என்றால் உடை மாற்றினார் என்று யாரும் புரிந்துகொள்ள மாட்டார்கள். ஆங்கிலத்தில் வினையாக ‘பெல்ட்’ முதலில் வெறுமனே கட்டுவதைக் குறித்தது. 17ஆம் நூற்றாண்டில் வாரால் அடிப்பது என்றாயிற்று. 19ஆம் நூற்றாண்டில் வார் கழன்று போய் அடி மட்டும் மிஞ்சியது: முஷ்டியால் குத்தினாலும், மட்டையால் பந்தைச் சாத்தினாலும் ‘பெல்ட்’. அதன் பிறகு அடியும் தேய்ந்து வேகமும் பலமும் மட்டும் நின்றன. வண்டியை விரட்டிக்கொண்டு போவதும், குரலை முழு பலத்தோடு விட்டுப் பாடுவதும், மதுவை ஒரே மடக்கில் உள்ளே தள்ளுவதும் அப்படி வந்தவை.

அடியிலிருந்து குடிக்கு எப்படிப் போனது என்று வியப்பவர்கள் தமிழைக் கவனித்தால் போதும். ‘அடி’ என்ற நம் வினை என்னவெல்லாம் செய்கிறது? தண்ணி அடிக்கிறோம், நீச்சல் அடிக்கிறோம், ஊரை ஒரு ரவுண்டு அடிக்கிறோம், காப்பி அடிக்கிறோம். இதில் யாரும் யாரையும் அடிப்பதில்லை. ஆங்கில ‘பெல்ட்’டின் இந்தக் கிளைக்கு நம்மிடம் உள்ள மிக நெருங்கிய இணை ‘அடி’தான், ‘வார்’ அல்ல. ஒரு ‘பெல்ட்’ விஸ்கி என்று வந்தால் ‘ஒரு மடக்கு’ என்று எழுதலாம். வினையாக வந்தால் ‘அடித்தான்’ என்றே எழுதலாம். சாராயத்துக்கு நம்மூர்க் கொச்சையில் ‘பட்டை’ என்ற பெயர் உண்டே, அதற்கும் இதற்கும் தொடர்பா என்று கேட்டால், இல்லை. அது ஊறலில் போட்ட வேலம்பட்டையால் வந்த பெயர், ஒற்றுமை தற்செயல். ஆந்திர, தெலங்கானா செய்திகளில் அடிபடும் ‘பெல்ட் ஷாப்’ தனிக் கணக்கு: உரிமம் இல்லாமல் கிராமத்தில் மது விற்கும் பெட்டிக்கடை அது. அதை ‘வார்க் கடை’ என்று பெயர்த்தால் செருப்புக் கடையாகிவிடும்.

பாட்டு விஷயத்தில் இந்தச் சொல் ஒரு தொழில்நுட்பச் சொல்லாகவே ஆகியிருக்கிறது. மேடை இசை நாடகங்களில் ‘பெல்டிங்’ என்றால் வெறுமனே கத்துவது அல்ல. பேசும்போது பயன்படும் கனத்த நெஞ்சுக் குரலை, வழக்கமாக மெல்லிய தலைக்குரலுக்கு மாறவேண்டிய உயர் சுரங்களுக்கும் மாற்றாமல் கொண்டு போவது. ஒலிபெருக்கி இல்லாத நாளில் நியூயார்க் பிராட்வே அரங்குகளில் கடைசி வரிசைவரை கேட்க இது தேவைப்பட்டது; பாடகி எதெல் மெர்மன் இதற்குப் பேர்போனவர். இப்படிப் பாடும்போது ஒவ்வொரு அதிர்விலும் குரல்நாண்கள் மூடியிருக்கும் நேரம் அதிகம், கீழிருந்து காற்றழுத்தமும் அதிகம். பயிற்சி இல்லாமல் தொண்டையை இறுக்கிச் செய்தால் குரல் கம்மி, நாளடைவில் நாண்களில் முடிச்சு விழும். சாதாரண எழுத்தில் ஒருவர் பாட்டை ‘பெல்ட் அவுட்’ செய்தார் என்று வந்தால் ‘எடுத்து விட்டார்’, ‘பாடிப் பட்டையைக் கிளப்பினார்’ என்பவை பொருந்தும். குரல் பயிற்சி பற்றிய கட்டுரையில் ‘பெல்டிங்’ என்றே விட்டுவிடுவது நல்லது.

தொங்கவிடும் கிளை கௌரவத்தோடு தொடர்புடையது. இடைக்கால இங்கிலாந்தில் ஒருவருக்கு ‘நைட்’ என்னும் வீரப்பட்டம் கொடுக்கும்போதும் ‘ஏர்ல்’ என்னும் பிரபுப் பட்டம் கொடுக்கும்போதும் இடுப்பில் வாளும் வாருமாகக் கட்டிவிடுவது சடங்கின் முக்கிய அங்கம். ‘பெல்டட் ஏர்ல்’ என்ற தொடரை இப்போதும் பழங்கதைகளில் பார்க்கலாம். வாரடி பட்ட பிரபு அல்ல, வார் கட்டிவைக்கப்பட்ட பிரபு. 14ஆம் நூற்றாண்டிலேயே வார் பதவியின் அடையாளமாகிவிட்டது. பின்னாளில் வாள் போய்விட்டது, கௌரவம் நின்றது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே குத்துச்சண்டை வீரருக்கு வார் பரிசாகக் கொடுக்கும் பேச்சு வந்துவிட்டது. 1909இல் பிரிட்டனில் தொடங்கிய லான்ஸ்டேல் பெல்ட் அந்த வழக்கத்தை நிலைப்படுத்தியது.

ஜூடோ ஜப்பானிலிருந்து வந்து இதே இடத்தில் சேர்ந்தது. கானோ ஜிகோரோ 1882இல் கோடோகான் பள்ளியைத் தொடங்கி, சில ஆண்டுகளில் தேர்ந்த மாணவர்களைக் கறுப்பு ‘ஓபி’யால், அதாவது இடுப்புக் கச்சையால், அடையாளப்படுத்தினார். வெள்ளைக்கும் கறுப்புக்கும் இடையே மஞ்சள், ஆரஞ்சு, பச்சை என்று வண்ணப்படிகள் பரவியது பிறகு, ஐரோப்பாவில். வெள்ளை வார் துவைக்காமல் அழுக்கேறிக் கறுத்ததுதான் பிளாக் பெல்ட் என்று ஒரு கதை உலவுகிறது, நம்பவேண்டாம். ஆங்கிலத்தில் நடந்த நுட்பமான மாற்றம், வார் ஆளாக மாறியது. ‘அவர் பிளாக் பெல்ட் வைத்திருக்கிறார்’ என்பது போய் ‘அவர் பிளாக் பெல்ட்’ என்றாயிற்று. தமிழிலும் இன்று அப்படித்தான் சொல்கிறோம். மோட்டோரோலா நிறுவனத்தில் பிறந்த சிக்ஸ் சிக்மா தர மேலாண்மை முறை அதையே கடன் வாங்கிக்கொண்டதால், சண்டையே தெரியாத பொறியாளர்களும் இப்போது பிளாக் பெல்ட், கிரீன் பெல்ட். வேலை விண்ணப்பத்தில் இதைப் பார்த்துத் தற்காப்புக் கலை என்று மொழிபெயர்த்துவிடக் கூடாது.

இடுப்பில் இருப்பதாலேயே வார் ஒரு எல்லைக்கோடும் ஆகிறது. குத்துச்சண்டைக்கு ஜாக் பிராட்டன் 1743இல் எழுதிய விதிகளில் இடுப்புக்குக் கீழே பிடிக்கக் கூடாது என்று ஒன்று உண்டு. அந்தக் கோட்டைத்தான் வார் காட்டுகிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் ‘பெல்ட்டுக்குக் கீழே’ என்பது எந்த அநியாயத் தாக்குதலுக்கும் பெயராயிற்று. ‘பெல்ட்டுக்கு அடியில்’ என்பது வேறு. இந்த இரண்டையும் குழப்புகிறவர்கள் அதிகம். இங்கே வாருக்கு உள்ளே இருப்பது வயிறு. ஒருவேளைச் சாப்பாடு வாருக்கு அடியில் போனது என்றுதான் 19ஆம் நூற்றாண்டில் பேசினார்கள். பிறகு அனுபவமும் சாதனையும் அதே வயிற்றில் இறங்கின. பத்து வருட அனுபவம் ‘அண்டர் ஹிஸ் பெல்ட்’ என்றால் அதைக் கைவசம் வைத்திருக்கிறார், அவ்வளவுதான். ‘வாரை இறுக்குவது’ பசியில் சுருங்கிய வயிற்றுக்கு ஏற்ப இன்னொரு ஓட்டைக்கு மாற்றுவது. நம்மிடம் இதற்கு ‘வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி’ என்று அருமையான தொடர் இருக்கும்போது ‘பெல்ட்டை இறுக்கிக்கொள்ள வேண்டும் என்று நிதியமைச்சர் சொன்னார்’ என எழுதுவது சோம்பல்.

மூன்றாவது கிளை சுற்றுவது. இதுதான் மிகப் பெரியது, விசித்திரமும் இதில்தான் அதிகம்.

17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் தொலைநோக்கியில் வியாழனைப் பார்த்தபோது அதன் உடலில் குறுக்குப் பட்டைகள் தெரிந்தன. ஒரு பொருளைச் சுற்றி ஓடும் பட்டைக்கு ‘பெல்ட்’ என்ற பொருள் ஆங்கிலத்தில் வந்ததும் அந்த நூற்றாண்டில்தான். இன்றும் வானியலாளர் வியாழனின் கரும்பட்டைகளை ‘பெல்ட்’ என்றும் வெளிர் பட்டைகளை ‘சோன்’ என்றும் பிரித்துச் சொல்கிறார்கள். 2010இல் தென் நடுக்கோட்டு பெல்ட் வெளிறி மறைந்தபோது வியாழன் தன் இடுப்பு வாரைத் தொலைத்துவிட்டதாகச் செய்தி வந்தது. பிறகு அது திரும்பி வந்தது. ‘சோன்’ என்பது கிரேக்கத்தில் என்ன தெரியுமா? அதுவும் இடுப்புவார்தான். பூமியை வெப்பம், மிதம், குளிர் என்று சுற்றுப்பட்டைகளாகக் கிரேக்கர் பிரித்ததால் அச்சொல் நிலப்பகுதி ஆயிற்று. ஆக, வியாழனின் உடலில் இருப்பது வாரும் வாரும் மாறி மாறி.

அரபியிலும் இதே கதை. ஒரையன் விண்மீன் கூட்டத்தில் வரிசையாக மின்னும் மூன்று மீன்களில் மின்டகா என்பதன் பெயர் இடுப்புவார் என்னும் அரபிச் சொல். அல்நிடாக் என்பதும் கச்சைதான். அந்த ‘மின்தகா’வே இன்றைய அரபியில் வட்டாரம், மாகாணம். சவூதியின் கிழக்கு மாகாணத்தில் வேலை பார்த்த தமிழர்கள் பலமுறை எழுதிய முகவரியில் அது இருந்திருக்கும். நம் ‘மண்டலம்’ வாரிலிருந்து வரவில்லை, வட்டத்திலிருந்து வந்தது. ஆனால் போய்ச் சேர்ந்த இடம் ஒன்று: தொண்டை மண்டலம், சோழ மண்டலம், கொங்கு மண்டலம். தேர்தல் நேரத்தில் நம் நிருபர்கள் ‘கொங்கு பெல்ட்’ என்று எழுதும்போது, சுற்றிவந்த இரண்டு சொற்கள் ஒரே ஊரில் சந்தித்துக்கொள்கின்றன.

ஆங்கிலத்தில் சுற்றுவது என்ற பொருள் எப்போது அறுந்தது என்பதைக் கவனிக்கவேண்டும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எதையும் சுற்றாத, நீளமான எந்தத் துண்டும் ‘பெல்ட்’ ஆகிவிட்டது. கொக்கி கழன்ற வாரைத் தரையில் நீட்டிப் போட்டது போல. அமெரிக்கா இதை வைத்துத் தன் வரைபடத்தையே எழுதிக்கொண்டது: பருத்தி பெல்ட், சோள பெல்ட், 1920களில் பத்திரிகையாளர் மென்கன் கேலியாகப் பரப்பிய பைபிள் பெல்ட், 1969இல் அரசியல் ஆய்வாளர் கெவின் பிலிப்ஸ் பேசிய சன் பெல்ட். 1984 தேர்தலில் அதிபர் வேட்பாளர் வால்டர் மாண்டேல் தொழில் மாநிலங்கள் துருப்பிடித்த கிண்ணமாகிவிட்டன என்று பேசினார். கிண்ணம் நிலைக்கவில்லை, ‘ரஸ்ட் பெல்ட்’ என்றுதான் நிலைத்தது. இந்த வரிசையில் கவனமாக இருக்கவேண்டியது ‘பிளாக் பெல்ட்’. அலபாமா வரலாற்றில் இது வந்தால் ஜூடோ அல்ல. முதலில் கரிசல் மண்ணுக்கு வந்த பெயர், பிறகு கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக வாழும் மாவட்டங்களுக்கு ஆயிற்று என்று கறுப்பினக் கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டன் 1901இல் விளக்கியிருக்கிறார்.

லண்டனின் ‘கிரீன் பெல்ட்’ மட்டும் வாரின் பழைய குணத்தைக் காப்பாற்றியது. நகரம் பெருத்துக்கொண்டே போகாமல் இடுப்பில் கட்டும் கட்டு அது. 1938இல் சட்டமே வந்தது. வங்காரி மாத்தாய் 1977இல் கென்யாவில் தொடங்கிய மரம் நடும் இயக்கத்திலும் ‘கிரீன் பெல்ட்’ இருக்கிறது, ஆனால் அங்கே வரிசையாக நட்ட மரங்களைத்தான் அது குறிக்கிறது. ஆகவே முதலாவதைப் ‘பசுமை வளையம்’ என்றும் இரண்டாவதைப் ‘பசுமைப் பட்டை’ என்றும் பிரிப்பது சரி.

கடலும் தப்பவில்லை. டென்மார்க்கில் தீவுகளுக்கிடையே ஓடும் நீரிணைகளின் பெயரே பெரிய பெல்ட், சிறிய பெல்ட். பால்டிக் கடலுக்கு அப்பெயர் வந்தது வார்போல் நீண்டு கிடப்பதால் என்று 11ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் பிரேமனின் ஆதாம் எழுதிவைத்தார். இன்றைய அறிஞர்கள் அதை அப்படியே ஏற்பதில்லை. உடம்பிலும் இருக்கிறது: அக்கி நோயின் மருத்துவப் பெயரிலுள்ள ‘ஸோஸ்டர்’ கிரேக்கத்தில் கச்சை. ஒரு நரம்பின் பாதையில் மட்டும் கொப்புளம் வருவதால் உடலின் ஒரு பக்கம் அரைவார் கட்டியது போல இருக்கும், அதனால் அந்தப் பெயர்.

இயந்திர பெல்ட் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த பொருள். ஆலையில் ஒரு நீராவி இயந்திரம் கூரையோரம் நீண்ட தண்டைச் சுழற்றும். அதிலிருந்து ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தட்டையான தோல்வார் இறங்கும். அப்போது அது உண்மையிலேயே தோல். மயிர் இருந்த பக்கம் கப்பியைத் தொடும்படி போட்டால் பிடிப்பு அதிகம். கப்பியின் நடுவைச் சற்றே மேடாக வைப்பார்கள். வார் எப்போதும் மேட்டை நோக்கி ஏறும் என்பதால் விளிம்பில் நழுவாது. எட்டுப் போல் குறுக்கே மாட்டினால் எதிர்த்திசையில் சுழலும். ஜான் கேட்ஸ் 1917இல் ரப்பரால் வி வடிவ பெல்ட்டைக் கொண்டுவந்தார். அது பக்கச் சரிவுகளால் பள்ளத்தில் ஆப்புப்போல் இறுகிப் பிடிக்கிறது. தேய்ந்து பள்ளத்தின் அடியைத் தொட்டுவிட்டால் அந்த இறுக்கம் போய்விடும்; வழுக்கும், பளபளப்பேறும், கீச்சிடும். அங்கே வாரை இன்னும் இழுத்துக் கட்டுவது தீர்வல்ல, பேரிங்தான் கெடும், மாற்றவேண்டும். சொல்லைப் பொறுத்தவரை இந்தக் கிளையின் முக்கியத்துவம், தொடக்கமும் முடிவும் இல்லாமல் ஓடிக்கொண்டேயிருப்பது என்ற புது அம்சம் சேர்ந்தது. கன்வேயர் பெல்ட் அங்கிருந்துதான்.

இனி, வாக்கியத்தில் எப்படி இனம் காண்பது. ‘பெல்ட்’ வினையா பெயரா என்று முதலில் பாருங்கள். வினை என்றால் பெரும்பாலும் அடிக் கிளை. பின்னால் ‘அவுட்’ வந்தால் பாட்டு, ‘டவுன்’ வந்தால் மது, சாலையோ திசையோ வந்தால் வேகம். ‘அப்’ வந்தால் ஆளைப் பார்க்கவேண்டும்: காரில் உட்கார்ந்தவரிடம் சொன்னால் சீட் பெல்ட் போடு, பிரிட்டனில் சண்டைக்கு நடுவே சொன்னால் வாயை மூடு. பெயர் என்றால் முன்னால் நிற்கும் சொல்லைப் பாருங்கள். பயிர், மதம், தொழில் என்றால் நிலம். நிறம் என்றால் தரம், மண், நகரத் திட்டம் மூன்றில் ஒன்று. ‘பெல்ட் அண்ட் பிரேசஸ்’ என்று வந்தால் கால்சட்டை அவிழாமலிருக்க இடுப்புவாரும் போட்டுத் தோள்வாரும் மாட்டிக்கொள்ளும் அதீத முன்ஜாக்கிரதை.

பத்திரிகைகளில் அதிகம் தடுமாறும் இடம், பல நாடுகளை இணைக்கும் சீனாவின் உள்கட்டமைப்புத் திட்டமான ‘பெல்ட் அண்ட் ரோடு’. இதில் ‘பெல்ட்’ சீனத்தின் ‘தாய்’ என்ற சொல்லின் பெயர்ப்பு. அச்சொல்லுக்கும் கச்சை, பட்டை, நிலமண்டலம் என்று அதே வரிசையில் பொருள்கள். சீனத்தில் வெப்பமண்டலம் ‘வெப்பக் கச்சை’தான். 2013 செப்டம்பரில் அஸ்தானாவில் ஷி ஜின்பிங் அறிவித்த பட்டுப்பாதைப் பொருளாதார மண்டலம்தான் இந்தப் ‘பெல்ட்’. அது மத்திய ஆசியா வழியாகத் தரையில் போவது. அதே ஆண்டு அக்டோபரில் ஜகார்த்தாவில் அறிவித்த 21ஆம் நூற்றாண்டுக் கடல்வழிப் பட்டுப்பாதைதான் ‘ரோடு’. அதாவது பெல்ட் நிலத்தில், ரோடு கடலில். ‘மண்டலமும் சாலையும்’ என்று பெயர்த்துவிட்டு ரோடு என்றால் நெடுஞ்சாலை என விளக்கம் எழுதினால், அம்பாந்தோட்டைத் துறைமுகம் எதில் சேரும் என்று வாசகர் கேட்பார். அது ரோட்டில்தான் இருக்கிறது.